பாட்டிலை விடும் குழந்தைக்கு எந்தக் கப்? சிப்பர், 360, ஸ்ட்ரா, எவர்சில்வர் டம்ளர்

குழந்தைப் பொருள் விற்கும் கடையில் சிப்பர் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது கெட்டி மூக்கு வைத்த பிளாஸ்டிக் கப்பைத்தான். கவிழ்த்தாலும் சிந்தாது என்பார்கள், உண்மைதான். மூடிக்கு அடியில் ஒரு சிறிய சிலிகான் வால்வு இருக்கிறது. உறிஞ்சினால்தான் அது திறக்கும். ஆகவே நிப்பிளில் செய்த அதே வேலையைத்தான் குழந்தையின் வாய் இங்கேயும் செய்கிறது. உதட்டை விளிம்பில் பதித்து ஒவ்வொரு மடக்காக விழுங்கும் பழக்கம் இதில் வருவதில்லை. பாட்டிலை விடுவதற்காக வாங்கியது இன்னொரு பாட்டிலாகவே ஆகிவிடுகிறது. போதாததற்கு வால்வின் மடிப்பில் பால் தங்கிப் புளிக்கும், சில நாளில் கறுப்புப் புள்ளி விழும். வால்வைக் கழற்றிக் கழுவ முடியாத சிப்பரை வாங்கவே வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே சிப்பர் இருந்தால் வால்வை எடுத்துவிட்டுக் கொடுங்கள். சிந்தும்தான், ஆனால் கப்பாக மாறிவிடும்.

360 டிகிரி கப்பில் மூக்கு கிடையாது, விளிம்பில் எந்தப் பக்கம் வாய் வைத்தாலும் குடிக்கலாம். பார்க்கச் சாதாரண டம்ளர் போல இருப்பதால் பலருக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் மேலே மூடியிருக்கும் சிலிகான் வட்டை உதட்டால் அழுத்தி உறிஞ்ச வேண்டும். பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை அதைக் கடிக்கப் பார்க்கும். எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு வரும் என்ற கணக்கும் கைக்குப் பிடிபடாது. காரில் போகும்போது தண்ணீர் கொடுக்கப் பரவாயில்லை, குடிக்கப் பழக்க உதவாது.

ஸ்ட்ரா கப் இவற்றைவிட நல்லது. உதட்டைக் குவிக்க வேண்டியிருப்பதால் வாய்த் தசைக்கு வேலை கிடைக்கிறது. பழக்குவது எளிது: சாதாரண ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழ் நுனியைக் குழந்தையின் உதட்டில் வைத்து, உதடு மூடியதும் விரலை எடுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் தானாக உறிஞ்சத் தொடங்கும். ஸ்ட்ரா உதட்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் உள்ளே போக வேண்டும். இதிலும் இரண்டு தொல்லை உண்டு. வெதுவெதுப்பான பாலை ஊற்றி இறுக மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, மூடியைத் திறக்கும்போது ஸ்ட்ரா வழியே பீச்சும். பால் ஆடை குழாயில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய ஸ்ட்ரா பிரஷ் கூடவே வராத கப்பை விட்டுவிடுங்கள்.

எங்கள் முதல் தேர்வு பாத்திரக்கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர். 50, 60 மில்லி பிடித்தால் போதும். வாங்கும்போது விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். வாய் மடித்து உருட்டியதாக இருக்க வேண்டும், வெட்டிய தகடாக இருந்தால் உதட்டைக் கிழிக்கும். அடி அகலமானதை எடுங்கள். எவர்சில்வர் சீக்கிரம் சூடேறும் என்பதால் பாலை மட்டும் தொட்டுப் பார்த்தால் போதாது, விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். பால் புகட்டும் மூக்குக் கிண்ணமான பாலாடையும் சங்கும் பச்சிளம் குழந்தைக்கு உதவும். அவற்றில் ஊற்றுவது நம் கை என்பதால் வளர்ந்த குழந்தை தானாகக் குடிக்கக் கற்காது.

கொடுக்கும் முறை: குழந்தையை நேராக உட்காரவையுங்கள், தலை பின்னால் சாயக் கூடாது. டம்ளரில் இரண்டு மடக்கு, அதாவது 10, 15 மில்லி மட்டும். விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, தண்ணீர் மேலுதட்டைத் தொடும் வரை சாய்த்து அப்படியே நிறுத்துங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள். புரையேறுவது பெரும்பாலும் நாம் அவசரப்படுவதால்தான். தண்ணீர் வேகமாக ஓடுகிறதென்றால் முதலில் நீர்த்த ராகிக் கஞ்சியில் பழக்கலாம், மெதுவாக வருவதால் குழந்தைக்குச் சமாளிக்க நேரம் கிடைக்கும். பால் கொடுத்தால் வடிகட்டுங்கள், ஆடை உதட்டில் ஒட்டினாலே பல பிள்ளைகளுக்குக் குமட்டும்.

கப்பை மறுக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது முதலில் நல்ல பசியில், பாலோடு வந்திருக்கும். அந்த நேரத்தில் குழந்தைக்கு வேண்டியது வேகம். சிற்றுண்டி வேளையில் தண்ணீரோடு தொடங்குங்கள். 9 மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளைச் சாப்பாட்டோடு ஒன்றிரண்டு முறை சிற்றுண்டி கொடுக்கலாம். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, ஆவியில் வெந்த நேந்திரம்பழம், இட்லித் துண்டு, முழுக்க வெந்த முட்டை, தோல் நீக்கி நசுக்கிய கொண்டைக்கடலை, சர்க்கரை போடாத தயிர் எல்லாம் நல்லவை. இரண்டு விரலுக்கிடையில் அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். முழு வேர்க்கடலை, பொரி, பாப்கார்ன், பச்சைக் கேரட், முறுக்கு வேண்டாம், தொண்டையை அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஒரு வயது வரை தேனும் பழச்சாறும் கூடாது. பாலில் ஊறிய பிஸ்கட் நம் வீடுகளில் சகஜம், ஆனால் அது மைதாவும் சர்க்கரையும்தான். குழந்தைகளுக்கென்று பாக்கெட்டில் விற்கும் பொரி போன்ற பஃப், வாயில் கரையும் என்பதைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

பாட்டிலை 12 முதல் 18 மாதத்துக்குள் நிறுத்திவிடுவது நல்லது. முதலில் மதிய பாட்டில், நான்கைந்து நாள் கழித்துக் காலை பாட்டில், கடைசியாக இரவு பாட்டில். இரவு பாட்டில்தான் கடினம், ஆனால் பல்லுக்குக் கெடுதலும் அதில்தான். பால் வாயில் தேங்கி மேல் முன்பற்களை முதலில் அரிக்கும். இரவுச் சாப்பாட்டோடு பாலை டம்ளரில் கொடுத்து, பல் துலக்கி, பிறகு தூங்க வையுங்கள். அடம்பிடித்தால், ஒரு வயது கடந்து பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு, பாட்டில் பாலில் மட்டும் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டலாம். பவுடர் பாலில் இதைச் செய்யவே கூடாது, அதன் அளவு மாறக் கூடாது.

முதல் வாரம் பால் குறையும், பயப்பட வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும், மீதியைத் தயிரும் ராகியும் ஈடுகட்டும். பாட்டில் பால் அளவு மீறினால் வயிறு நிறைந்து சாப்பாடு இறங்காது, இரும்புச்சத்துக் குறையும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பாட்டிலே தேவையில்லை, ஆறு மாதத்தில் நேரே டம்ளருக்கு வரலாம். வாங்குவதானால் வீட்டுக்கு எவர்சில்வர் டம்ளர் இரண்டு, பயணத்துக்கு ஸ்ட்ரா கப் ஒன்று.