குழந்தைக்குக் குடலிறக்கம்: கையா, ஸ்கேனா, கேமராவா?

அழும்போது தொடையிடுக்கில் புடைக்கிறது. டாக்டர் முன்னால் படுக்க வைத்தால் ஒன்றும் காணோம். குழந்தைகளின் ஹெர்னியாவில் இது வாடிக்கை. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வதும் வாடிக்கைதான்.

விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கும்போது வயிற்றின் உட்சவ்வும் கூடவே ஒரு பையாக நீண்டு வருகிறது. பிறப்பையொட்டி அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாத பையில் நீர் மட்டும் இறங்கினால் ஹைட்ரோசீல், குடல் இறங்கினால் ஹெர்னியா. குறைமாதக் குழந்தைகளுக்கும் வலது பக்கத்திலும் அதிகம்.

பழகிய குழந்தை அறுவை மருத்துவரின் கைக்கு நான் முதலிடம் கொடுப்பேன். பலூன் ஊதச் சொல்வார், குதிக்கச் சொல்வார், கைக்குழந்தை என்றால் அழட்டும் என்று காத்திருப்பார். இப்போது இன்னொரு நல்ல சாட்சியும் இருக்கிறது: புடைத்திருக்கும்போது அம்மா போனில் எடுத்த படம். படமும் பரிசோதனையும் ஒத்துப்போனால் ஸ்கேன் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. புடைப்பு கெட்டியாகி உள்ளே போகாமல் நின்று, குழந்தை வாந்தியும் எடுத்தால் ஸ்கேன் சென்டரில் வரிசையில் உட்காராமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சந்தேகம் தீராதபோதுதான் அல்ட்ராசவுண்டுக்கு வேலை. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. ஜெல்லின் சில்லிப்பில் குழந்தை வீறிட்டால் இன்னும் நல்லது. வயிற்றில் அழுத்தம் ஏறி, குடல் காற்றுக் குமிழ்கள் மினுங்க நெளிந்து இறங்குவதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். குடல் இறங்காவிட்டால் உள்வளையத்தின், அதாவது வயிற்றிலிருந்து அந்தப் பை கிளம்பும் வாயின், அகலத்தை அளப்பார்கள். 4 மி.மீ.க்கு மேல் போனால் பாதை திறந்திருக்கலாம் என்பது பலரும் கையாளும் கணக்கு. தொல்லையும் இங்கேதான். தூங்கும் குழந்தையின் காலிப் பையைப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிட முடியும். ரிப்போர்ட்டின் தரம் ஸ்கேன் கருவியைப் பிடித்த கையின் தரம்தான். டாக்டர் கண்ணால் பார்த்த ஹெர்னியாவை அந்த ஒரு வரியை நம்பித் தள்ளிப்போடுவது சரியல்ல.

அப்புறம், மறுபக்கக் கேள்வி. ஒரு பக்கம் ஹெர்னியா என்றால் மறுபக்கத்தையும் திறந்து பார்த்துவிடுவது ஒரு காலத்தில் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. இன்று அதே ஹெர்னியா பை வழியாகவே மெல்லிய கேமராவை விட்டு, சில நிமிடங்களில் மறுபக்க வாயைப் பார்த்துவிடுகிறார்கள். துல்லியத்தில் ஸ்கேன் இதற்கு ஈடாகாது; ஸ்கேன் ஊகிப்பதைக் கேமரா நேரில் பார்க்கிறது. ஆனால் மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் அது நடக்கும். ஸ்கேனில் முன்கூட்டியே ஓரளவு தெரிவதால் பெற்றோரிடம் நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம். லேப்ராஸ்கோப்பியில்தான் (சிறு துளை வழியே கேமரா விட்டு) அறுவை என்று ஆகிவிட்டால் மறுபக்கத்துக்காக மட்டும் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. ஸ்கேன், கேமரா இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு: திறந்திருக்கும் வாயெல்லாம் ஹெர்னியா ஆகிவிடாது. மறுபக்கத்தில் பிறகு உண்மையிலேயே ஹெர்னியா வருவது 100 குழந்தைகளில் சுமார் 7 பேருக்குத்தான். கேமராவில் திறந்து தெரிவதோ அதைவிடப் பல மடங்கு. பார்த்ததையெல்லாம் தைத்தால் தேவையில்லாத தையல்தான் கூடும்.

பெண் குழந்தை என்றால் மட்டும் நான் ஸ்கேன் கட்சி. உள்ளே போகாத, வலிக்காத சிறு உருண்டை நெறிக்கட்டியா, இறங்கிய சினைப்பையா என்று விரலால் சொல்வது கடினம். ஸ்கேனில் சினைப்பைக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். அபூர்வமாக, அந்த உருண்டை விதையாகவே இருக்கும். வெளித்தோற்றத்தில் பெண், மரபணுவில் எக்ஸ்ஒய், அதாவது ஆண். இவர்களுக்குக் கருப்பை பெரும்பாலும் இருக்காது. அதே ஸ்கேனில் கருப்பையையும் தேடிப் பார்த்துவிட்டால், அப்படிப்பட்ட செய்தி அறுவை அரங்கின் வாசலில் நிற்கும் பெற்றோர் தலையில் திடீரென்று வந்து விழாது.