கண் வீங்கிய ஃபைட்டர் மீனுக்கு எப்சம் உப்பா, கல்லுப்பா, ஆன்டிபயாடிக்கா?

பெட்டா எனும் ஃபைட்டர் மீனின் கண்ணில் ஏதோ கோளாறு என்றதும் பலர் கை கல்லுப்புக்குத்தான் போகிறது. கண் வீக்கத்துக்கு அது சரியான உப்பு அல்ல. எதையும் போடுமுன் மீனை மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள்.

ஒரு கண் மட்டும் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். கூரான கல்லையும் பிளாஸ்டிக் செடியையும் முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டுமே பிதுங்கினால் உள்ளே தொற்று, அல்லது கெட்ட தண்ணீர். கண்மேல் புகைபோலப் படலம் என்றால் தண்ணீரில் அம்மோனியாவை (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) சோதியுங்கள், பூஜ்யத்தில் இருக்க வேண்டும். பாவைக்குள்ளேயே வெண்மை தெரிந்தால் அது கண்புரை. அதற்கு மருந்தில்லை, இரையை ஒரே இடத்தில் போட்டுப் பழக்கினால் மீன் சமாளித்துக்கொள்ளும்.

வீக்கத்துக்கு எப்சம் உப்புதான். அதாவது மெக்னீசியம் சல்பேட்; அது கண்ணுக்குப் பின்னால் தேங்கிய நீரை வெளியே இழுக்கிறது. 10 லிட்டருக்கு அரை டீஸ்பூன், தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வாசனையோ நிறமோ சேர்த்த குளியல் உப்பு கூடவே கூடாது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு போகாது. எனவே கால் பங்கு தண்ணீர் மாற்றினால் கால் பங்கு உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். இதை மறந்து முழு அளவையும் போடுவதால்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. வீக்கம் வடிய வாரங்கள்கூட ஆகலாம்.

கல்லுப்பு வெளிக்காயத்துக்கும் லேசான படலத்துக்கும் சரி: அயோடின் சேர்க்காதது, 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், 10 நாளுக்கு மேல் வேண்டாம்.

இரண்டு கண்ணும் வீங்கி, மீன் இரை எடுக்காமல் ஒதுங்கிக் கிடந்தால் ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். மீன் மருந்தாக வரும் கானமைசின் தோல்வழியே உள்ளே போகும். பொட்டலத்தில் சொன்ன அளவை முழுத் தவணையும் கொடுங்கள். மெடிக்கல் ஷாப் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவது வீண்வேலை; கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்து முடக்கிவிடும், எப்சம் உப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். மருந்தைத் தனி டப்பில் கொடுங்கள், ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரதான தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியா சாகக்கூடும், அப்போது அம்மோனியா ஏறும், கண் திரும்பவும் மங்கும்.

செதில்கள் அன்னாசிபோல விரிந்துவிட்டால் இந்த மூன்றில் எதுவும் பெரும்பாலும் காப்பாற்றாது.