"எங்க நாய்ங்க ஒண்ணும் பண்ணாதுங்க்கா": குட்டி நாய் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

போன மாதம் திண்டுக்கல்லில் கொழுந்தனார் மகள் கல்யாணம். மூன்று நாள் வீட்டைப் பூட்ட வேண்டியிருந்தது. எங்களிடம் இரண்டு நாய்கள். ராமு 34 கிலோ லாப்ரடார். கடுகு 2 கிலோ 100 கிராம் சிவாவா, வளர்ந்த பிறகும் இவ்வளவே இருக்கும் குட்டி இனம். ராமுவைப் பக்கத்து வீட்டுப் பெரியப்பா பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடுகை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். "கால்ல சிக்கிடும் கண்ணு, எனக்குக் கண்ணும் சரியாத் தெரியாது" என்றார். அவருக்கு இருந்த பயம் காசு வாங்கிக்கொண்டு பார்ப்பவர்களுக்கு இல்லை.

கோவையிலேயே ஒருவர் தன் வீட்டில் நாய்களைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. நாளுக்கு 700 ரூபாய். கூண்டு கிடையாது, வீட்டுப் பிள்ளை மாதிரி சுற்றலாம் என்பதுதான் அவர்கள் விளம்பரம். அவர்களுடைய சொந்த நாய்களே மூன்று. காவலுக்கு வளர்க்கும் பெரிய இனமான ராட்வீலர் ஒன்று, லாப்ரடார் இரண்டு. நான் ராட்வீலரைத்தான் முறைத்து முறைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க்கா, எங்க நாய்ங்க ஒண்ணும் பண்ணாதுங்க்கா. சின்னதுக்கு மாடியில தனி ரூம் இருக்குதுங்க" என்றார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அறை இருந்தது, மெத்தை இருந்தது. கதவைச் சாத்தி வைப்பீர்களா என்று மட்டும் நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும்தான் லாப்ரடார் இருக்கிறதே என்ற தைரியம்.

முதல் நாள் நாலு படம் வந்தது. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. கேட்டால் "நெட் கிடைக்கலீங்க்கா." மூன்றாம் நாள் சாயங்காலம் கூட்டிவரப் போனபோது கடுகு ஓடிவரவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. "விளையாடுறப்ப சின்னக் கீறல்ங்க, மருந்து போட்டிருக்கு" என்றார்கள். மருந்து என்றது மஞ்சள் பொடி.

நேராக டாக்டரிடம் போனோம். முடியை மழித்தால் விலாவில் நாலு ஓட்டை, ஒவ்வொன்றும் பேனா முனை அளவு. எனக்கு அப்பாடா என்று இருந்தது. டாக்டர் தோலை விரலால் அழுத்தினார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி மெல்லிய சத்தம். தோலுக்கடியில் காற்று புகுந்திருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. அன்று இரவே திறந்து கிழிந்த தசையைத் தைத்து, நீர் வடியக் குழாய் வைத்தார்கள். நாலு நாள் அங்கேயே இருந்தது. செலவு 27,400 ரூபாய். பிழைத்துவிட்டது.

அவர் சொன்ன விளக்கத்தைக் குட்டி நாய் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நாய் கடித்தால் பல் இறங்கும் ஓட்டை சின்னதுதான். ஆனால் அது கவ்விய கையோடு தலையை உதறும். நாய்க்குத் தோல் தளர்வாக இருப்பதால் பல்லோடு சேர்ந்து தோல் நகர்ந்து கொடுத்துவிடும். அடியில் இருக்கும் தசையும் விலாவும் நுரையீரலும்தான் சேதமாகும். அதனால் மேலே பார்த்து, கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. நடந்தாலும் சாப்பிட்டாலும் சரி, பெரிய நாய் வாய் வைத்தது என்று தெரிந்தால் உடனே டாக்டர்தான். கடுகு முப்பது மணி நேரத்துக்கு மேல் அந்த நிலையில் இருந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதை அங்கே வேலை செய்யும் பையன் அப்புறம் சொன்னான். மாடி அறையின் கதவு பகலில் திறந்துதான் இருக்குமாம். பார்சல் கொடுக்க யாரோ மணி அடிக்க, எல்லா நாயும் குரைத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்திருக்கின்றன. கடுகும் ஓடியிருக்கிறது. யாரோ மிதிக்க, அது வீலென்று கத்தியிருக்கிறது. கத்திய நொடியில் லாப்ரடார் ஒன்று கவ்வி உதறிவிட்டது. ராட்வீலர் அந்தப் பக்கமே வரவில்லையாம்.

அந்த லாப்ரடாரை நான் குறை சொல்லமாட்டேன். எல்லா நாய்க்குள்ளும் வேட்டைப் புத்தி கொஞ்சம் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சின்னதாக ஒன்று கத்திக்கொண்டு ஓடினால், அந்தப் பரபரப்பில் எதிரே இருப்பது தோழனா முயலா என்று அதற்குப் புரியாமல் போகலாம். கோபம்கூட வேண்டியதில்லை. எடையை நினைத்துப் பாருங்கள். ராமு கடுகைப் போலப் பதினாறு மடங்கு. அறுபது கிலோ ஆளுக்கு எதிரே ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான மிருகம். காங்கேயம் காளைகூட அவ்வளவு இருக்காது. போதாததற்குச் சிவாவாக்களில் பலவற்றுக்கு வளர்ந்த பிறகும் உச்சி மண்டையில் எலும்பு மூடாத மெத்தென்ற இடம் இருக்கும். விளையாட்டாகக் கால் வைத்தாலே ஆபத்து.

குற்றம் கதவைச் சாத்தாத மனிதர்களுடையது. அதைவிட, தெரிந்தும் மறைத்தது. பில்லோடு போய் நின்றபோது அதே பெண், "நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல நாங்க பொறுப்பில்லைன்னு இருக்குதுங்களே" என்றார். கேமரா அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லையாம். கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒன்று சொன்னார்கள்: அடுத்த முறை மூன்று நாள் இலவசம்.

பொறுப்பில்லை என்று ஒரு வரி அச்சடித்துவிட்டதாலேயே கவனக்குறைவிலிருந்து தப்பிவிட முடியாது என்றார் தெரிந்த வக்கீல். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். டாக்டர் எழுதிய குறிப்பு, எக்ஸ்ரே, பில், "தனி ரூம்" என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி எல்லாம் கையில் இருக்கிறது. விடும்போதே நாயை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

விடத்தான் வேண்டும் என்றால், நாய்கள் சாதுவா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். மணி அடித்தால் எந்த நாய் எங்கே இருக்கும், சோறு எங்கே வைப்பீர்கள், ராத்திரி யார் கூட இருப்பது, அடிபட்டால் எந்த டாக்டரிடம் போவீர்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்ப்பதும் நல்லது.

இதெல்லாம் நடந்த பிறகுதான் எங்கள் வீட்டையே உற்றுப் பார்த்தேன். மூன்று வருஷம் ஒன்றும் நடக்காதது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். இப்போது குழந்தைகளுக்குப் போடும் கேட் ஒன்றைக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே மாட்டியிருக்கிறோம். கம்பி இடைவெளியில் கடுகு சாதாரணமாக நுழைந்து வந்துவிட்டது, அதனால் வலை வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. சோறு தனித்தனியாக. எலும்பு கொடுத்தால் கதவு சாத்திய பிறகுதான். நாங்கள் வீட்டில் இல்லாதபோது இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ராமு ஓடிவரும்போது கடுகைப் பதறித் தூக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். மேலே தூக்கினால் அவன் இன்னும் எகிறுகிறான். அதற்குப் பதில் ராமுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். ராமு வாயைத் திறந்து, குதித்து, நடுவில் நின்று நின்று விளையாடினால் விளையாட்டு. வாயை மூடி, அசையாமல் கடுகையே உற்றுப் பார்த்தால் உடனே பிரித்துவிடுகிறேன்.

தையல் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. ராமு எழுந்து நின்றாலே கடுகு சோபாவுக்கு அடியில் போய்விடுகிறது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்று காலை முதல் தடவையாகக் கடுகு வெளியே வந்து, வலைக்கு இந்தப் பக்கம் படுத்தது. ராமு அந்தப் பக்கம் படுத்திருந்தான். கேட்டை நான் திறக்கவில்லை.