எம்ஆர்டிஜி, கேக்டை கொண்டு சர்வர் சிபியுவைப் பார்ப்பது: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

சர்வரின் சிபியு சுமையைப் பார்க்கப் பல வருஷம் எம்ஆர்டிஜி (எண்களைக் கேட்டு வாங்கி கிராஃபாக வரைகிற மென்பொருள்) வைத்திருந்தேன் என்று சொன்னால் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அது நெட்வொர்க் லைன் அளக்கிற கருவிதானே சார், அதுவும் ரொம்பப் பழசாச்சே என்பார்கள். இரண்டும் சரிதான். டோபியாஸ் ஓட்டிக்கர் 1994இல், வெளியுலகத்துக்கு இருந்த ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு எப்படி நிரம்புகிறது என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய பெர்ல் ஸ்கிரிப்ட் அது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்தார். 1995இல் வெளியிட்டார். ஆனால் அது செய்கிற வேலையைக் கவனித்தால், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எஸ்என்எம்பி (நெட்வொர்க்கில் உள்ள மெஷின்களிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) வழியாக இரண்டு எண்களைக் கேட்கிறது, ஒன்றைப் பச்சையாக நிரப்பி இன்னொன்றை நீலக் கோடாக இழுக்கிறது, அவ்வளவுதான். எண் ரூட்டரின் பைட் கணக்கா, சிபியுவின் சதவீதமா என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

முதலில் எம்ஆர்டிஜி, அப்புறம் கேக்டை, நடுவில் கொஞ்ச காலம் முனின் (இரண்டும் அதே வகைக் கருவிகள்தான்) என்று சிபியு கிராஃப்களோடு பல வருஷம் ஓடிவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது என்ன நடக்கிறது என்று பார்க்க இவை எதுவும் உதவாது, அதற்கு டாப் கமாண்ட் இருக்கிறது. போன வருஷம் இதே மாதத்தில் எப்படி இருந்தது என்று கேட்டால் இவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் எந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறோம் என்பதில் கவனம் இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் ஓர் அழகான பொய்யைச் சேமித்து வைத்திருப்போம்.

நிறுவுவதில் உள்ள தொல்லைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டெபியன் லினக்ஸில் எஸ்என்எம்பி டீமனை (பின்னணியில் ஓடிக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிரல்) போட்டால் அது தன் சொந்த மெஷினுக்கு மட்டும்தான் காது கொடுக்கும், அதோடு சிஸ்டம் பெயர் போன்ற சில அடிப்படைத் தகவல்களை மட்டும் காட்டும்படி பூட்டியிருப்பார்கள். சிபியு எண்கள் அந்தப் பூட்டுக்கு உள்ளே இருக்கின்றன. இது தெரியாதவர்கள் ஃபயர்வாலில் எஸ்என்எம்பிக்கான யுடிபி 161 போர்ட்டைத் திறந்துவிட்டு, ஏன் இன்னும் பதில் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்க்கலாம். கான்ஃபிக் ஃபைலில் வியூவை (எதையெல்லாம் காட்டலாம் என்ற வரம்பை) விரித்து, கண்காணிக்கிற மெஷினின் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். பப்ளிக் என்ற கம்யூனிட்டி பெயரை (எஸ்என்எம்பியில் அதுதான் கடவுச்சொல் மாதிரி) அப்படியே விட்டு இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். எஸ்என்எம்பியின் வி2சி பதிப்பில் அந்தப் பெயர் மறைக்கப்படாமல் அப்படியேதான் போகிறது. 2002இல் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்தபோது எத்தனை எத்தனை நிறுவனங்களின் எஸ்என்எம்பி மென்பொருள்களில் ஓட்டை கிடைத்தது என்பதைப் படித்துப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

எம்ஆர்டிஜி பக்கம் இன்னொரு தொல்லை, எதைக் கொடுத்தாலும் அது பைட் என்றே நினைத்துக்கொள்ளும். சதவீதத்தைக் கொடுத்துவிட்டு கேஜ் ஆப்ஷனை (இது ஓடுகணக்கு இல்லை, அப்போதைய அளவு என்று சொல்வது) போட மறந்தால், முந்தைய எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை நொடிக்கு இவ்வளவு என்று வகுத்து, தரையோடு ஒட்டிய ஒரு கோட்டை வரைந்து வைக்கும். சர்வர் சும்மா இருக்கிறது போல என்று நினைக்கத் தோன்றும். நோபர்சென்ட், குரோரைட், மேக்ஸ்பைட்ஸ், ஒய்லெஜண்ட் போன்ற மற்ற ஆப்ஷன்களையெல்லாம் ஒரு முறை உட்கார்ந்து எழுதிவிட்டால் அப்புறம் அந்த ஃபைலைத் திறக்கவே வேண்டியிருக்காது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் சர்வரில் சிபியுவைக் கேட்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஹோஸ்ட் ரிசோர்சஸ் மிப்பில் (எஸ்என்எம்பியில் கேட்கக்கூடிய எண்களின் பட்டியல்) இருக்கும் ப்ராசசர் லோடு, அதன் முகவரி .1.3.6.1.2.1.25.3.3.1.2. ஒவ்வொரு கோருக்கும் ஒரு சதவீதம் வரும், விண்டோஸிலும் வேலை செய்யும், அதனால் எல்லோரும் முதலில் இதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அது கடைசி ஒரு நிமிஷத்தின் சராசரி. நாம் கேட்பதோ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. மீதி நான்கு நிமிஷம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஓடி நாற்பது நொடியில் முடிகிற ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது), நாம் கேட்பதற்குச் சற்று முன்னால் முடிந்தால் கிராஃபில் நாள் முழுக்க அறுபத்தேழு சதவீதம் தெரியும். அதே வேலை இரண்டு நிமிஷம் முன்னதாக ஓடினால் பூஜ்யம் தெரியும். உண்மையான சராசரி பதின்மூன்று சொச்சம்தான். எண்களைக் கேட்கிற போலர் ஓடுவதும் கிரானில், மற்ற வேலைகள் ஓடுவதும் கிரானில், எல்லாரும் 0, 5, 10 என்று அதே நிமிஷங்களைப் பிடித்துக்கொள்வதால் இது ஏட்டுக் கணக்கு இல்லை, தினமும் நடப்பது.

இரண்டாவது வழி, நெட்-எஸ்என்எம்பி (லினக்ஸில் ஓடும் எஸ்என்எம்பி மென்பொருள்) கொடுக்கிற ரா கவுண்டர்கள். .1.3.6.1.4.1.2021.11 என்பதன் கீழே 50 யூசர், 51 நைஸ் (முன்னுரிமை குறைத்த வேலைகள்), 52 சிஸ்டம், 53 ஐடில், 54 ஐஓ வெயிட் (டிஸ்குக்காகக் காத்திருப்பது). இவை சதவீதமே இல்லை. மெஷின் பூட் ஆனதிலிருந்து சிபியு எந்த வேலையில் எத்தனை டிக் செலவழித்தது என்ற ஓடுகணக்கு, வீட்டு கரண்ட் மீட்டர் மாதிரி. நொடிக்கு நூறு டிக் என்பதால், இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை நொடியால் வகுத்தால் ஒரு கோருக்கு நேராகச் சதவீதமே வந்துவிடும். கேட்ட நேரம் எதுவானாலும் ஐந்து நிமிஷமும் முழுசாகக் கணக்கில் வரும், அந்த நாற்பது நொடி வேலை எங்கேயும் ஒளிய முடியாது. எம்ஆர்டிஜி பிறந்ததே இப்படிப்பட்ட கவுண்டர்களை வகுப்பதற்குத்தான், அதனால் கேஜ்கூட வேண்டாம். டார்கெட் வரியில் யூசரையும் சிஸ்டத்தையும் நைஸையும் கூட்டல் குறி போட்டுக் கூட்டி, கோர் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் முடிந்தது.

கேக்டையில் நான் வைத்திருந்த பதிப்பில் இந்த ரா கவுண்டருக்கான டெம்ப்ளேட் கூடவே வந்தது. அதில் அதிகபட்ச மதிப்பு 100 என்று இருந்தது. ஒற்றை கோர் காலத்து மிச்சம். எட்டு கோர் மெஷினில் இந்தக் கவுண்டர்கள் எல்லா கோர்களையும் சேர்த்துச் சொல்வதால் 800 வரை போகும். கேக்டை எண்களைச் சேமிக்கப் பயன்படுத்தும் ஆர்ஆர்டிடூலின் வழக்கம் என்னவென்றால், எல்லையைத் தாண்டிய எண்ணை எல்லையிலேயே நிறுத்தி வைக்காது, தெரியாது என்று எழுதி இடத்தைக் காலியாக விட்டுவிடும். விளைவு, சர்வர் சும்மா இருக்கும்போதெல்லாம் கிராஃப் ஒழுங்காக வரும், சூடு பிடிக்கும் நேரத்தில் மட்டும் கோடு காணாமல் போகும். பார்க்கிறவர்கள் நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைகிறது என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆர்ஆர்டிடூல் ட்யூன் போட்டு எல்லையை உயர்த்தலாம், ஆனால் ஏற்கெனவே காலியாகப் போன இடம் காலிதான்.

அதற்காக எல்லையே வேண்டாம் என்று எடுத்துவிடவும் முடியாது. இவை 32 பிட் கவுண்டர்கள். மெஷின் ரீபூட் ஆகிக் கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால், உச்சத்தைத் தொட்டுச் சுற்றி வந்துவிட்டது என்று ஆர்ஆர்டிடூல் நினைத்துக்கொண்டு ஒரு லட்சக்கணக்கான சதவீதத்தைப் பதிவு செய்யும். அதன் பிறகு அந்த வருஷத்தின் கிராஃப் முழுவதும் ஒரே ஒரு ஊசியும் அதன் கீழே தரைமட்டமும்தான். கேக்டையில் அந்த ஊசிகளைப் பிடுங்குவதற்கென்றே ஸ்பைக்-கில் என்று ஒன்று இருக்கிறது என்றால் எத்தனை பேர் அவதிப்பட்டிருப்பார்கள் பாருங்கள். கோருக்கு நூறு என்று பெருக்கி எல்லை வைப்பதே சரியான வழி.

மூன்றாவது வழி லோடு ஆவரேஜ், அதாவது ஓடிக்கொண்டோ ஓடக் காத்துக்கொண்டோ இருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை. இதைச் சிபியு சுமை என்று நினைப்பவர்கள் அதிகம். லினக்ஸில் அது அப்படி இல்லை. டிஸ்கின் பதிலுக்காக எழுப்ப முடியாத தூக்கத்தில் நிற்கும் ப்ராசஸ்களையும் 1993லிருந்து லினக்ஸ் அதில் சேர்த்தே எண்ணுகிறது. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிர்வது) சர்வர் ஒன்று செத்துப்போனால் அதை மவுண்ட் செய்திருக்கும் மெஷினில் லோடு நாற்பது, ஐம்பது என்று ஏறும், சிபியு பாட்டுக்குத் தொண்ணூற்றைந்து சதவீதம் ஐடிலில் இருக்கும். ஆகவே இரண்டு கிராஃபையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். சேர்ந்து ஏறினால் சிபியு போதவில்லை, லோடு மட்டும் ஏறினால் ஸ்டோரேஜைப் போய்ப் பாருங்கள். எனக்கு இந்த ஜோடி கொடுத்த பயன் வேறு எந்தக் கிராஃபும் கொடுத்ததில்லை. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று மூன்று வருவதில் ஐந்து நிமிஷத்தை எடுங்கள், கேட்கும் இடைவெளியோடு அதுதான் பொருந்தும்.

நீண்ட காலத்தில் தெரிய வரும் இன்னொரு சங்கதி, பழைய பதிவுகள் மழுங்குவது. எம்ஆர்டிஜியின் லாக் ஃபைல் எத்தனை வருஷமானாலும் பெருக்காது. ஐந்து நிமிஷப் பதிவுகள் 600 மட்டும், அதாவது ஐம்பது மணி நேரம். அதற்கு முந்தியவை அரை மணி, இரண்டு மணி, ஒரு நாள் என்று சராசரியாக்கிச் சுருக்கப்படும். ராத்திரி பேக்கப் ஒரு மணி நேரம் நூறு சதவீதத்தில் ஓடினாலும் வருஷக் கிராஃபில் அது நாலு சதவீதமாகத்தான் கரைந்து நிற்கும். எம்ஆர்டிஜியில் வித்பீக், ஆர்ஆர்டி பக்கம் மேக்ஸ் பதிவுகள் என்று உச்சத்தையும் காட்டுகிறவற்றை ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும். கேக்டையில் மேக்ஸ் கோட்டையும் கிராஃபில் சேர்த்த பிறகுதான் பேக்கப் நேரம் மாதா மாதம் நீண்டுகொண்டே போய்க் காலை அலுவலக நேரத்தைத் தொடப் போகிறது என்பதை மேலே உள்ளவர்களுக்குக் காட்ட முடிந்தது. ஒரே படம், விளக்கம் தேவைப்படவில்லை, புது மெஷின் வந்தது.

வாடகை விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்கள் ஸ்டீல் கவுண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதே கிளையில் 64. நம் மெஷின் ஓடத் தயாராக இருந்தும் ஹைப்பர்வைசர் (ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) வேறு யாருக்கோ நேரத்தைக் கொடுத்துவிட்டால் அது இங்கே ஏறும். ஒரு நிறுவனத்தில் எடுத்திருந்த மெஷின் சாயங்காலமானால் இழுக்கும், கேட்டால் உங்கள் அப்ளிகேஷனைப் பாருங்கள் என்பார்கள். வாரக்கணக்கில் சாயங்காலம் மட்டும் ஸ்டீல் மேடுகட்டி நிற்கிற கிராஃபை அனுப்பியதும் வேறு ஹோஸ்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், வாதம் எதுவும் நடக்கவில்லை. முனினில் இது தனியாக எதுவும் எழுதாமலே அடுக்குக் கிராஃபில் வந்துவிடும், அந்த விஷயத்தில் முனின் நல்ல பிள்ளை.

குறை என்று பார்த்தால், எட்டு கோரில் ஒரு ப்ராசஸ் ஒரே ஒரு கோரை முழுசாகத் தின்றுகொண்டிருந்தாலும் மொத்தக் கிராஃபில் பன்னிரண்டரை சதவீதம்தான் காட்டும். பயனர்கள் திட்டிக்கொண்டிருப்பார்கள், கிராஃப் சாந்தமாக இருக்கும். அப்புறம், எம்ஆர்டிஜி ஒவ்வொரு சுற்றிலும் யாரும் பார்க்காவிட்டாலும் படம் வரைந்து தள்ளுவதால், மெஷின்கள் கூடக் கூடக் கண்காணிப்பு சர்வரே சிபியு பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிடும், வேடிக்கைதான். ஓட்டிக்கரே 1999இல் ஆர்ஆர்டிடூல் 1.0ஐக் கொண்டுவந்த பிறகு, கேட்கும்போது மட்டும் வரைகிற வழி கிடைத்தது. கேக்டைக்கு மாறியதற்கு எனக்குப் பெரிய காரணமே அதுதான். கேக்டையில் பிஎச்பி போலர் திணறினால் சி மொழியில் எழுதிய ஸ்பைனுக்கு மாறுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் சர்வர்களுக்கு ப்ரோமிதியஸும் (எண்களைச் சேகரிப்பது) கிராஃபனாவும் (வரைவது) போட்டுக்கொள்ளட்டும். சர்வரில் ஓடி ப்ரோமிதியஸுக்கு எண்களைக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரும் உள்ளே அதே ஓடுகணக்கைத்தான், டிக்குக்குப் பதில் நொடியில், கோர் வாரியாகக் கொடுக்கிறது, பதினைந்து நொடிக்கு ஒரு தடவை கேட்டாலும் அசராது. ஆனால் எதையும் மாற்றாமல் விட்டால் ப்ரோமிதியஸ் பதினைந்து நாள் பதிவைத்தான் வைத்திருக்கும், போன தீபாவளி நேரத்து சுமையைத் தேடினால் இருக்காது. சேமிப்புக் காலத்தை முதல் நாளே கூட்டி வையுங்கள். என்னிடம் எம்ஆர்டிஜி இப்போது ரூட்டர்களுக்கும் ஸ்விட்ச்களுக்கும் மட்டும்தான் ஓடுகிறது. சிஸ்கோவில் .1.3.6.1.4.1.9.9.109.1.1.1.1.8 என்று கேட்டால் ஐந்து நிமிஷ சராசரியையே நேராகக் கொடுத்துவிடும், கேஜ் மட்டும் போட்டால் போதும், நடுவில் எதுவும் தொலையாது.