கல்லா, கேப்பா, சுடாத பிரதியா?

வரலாற்று வேடம் கட்டிப் போர்க்காட்சி நடிப்பவர்கள் கைத்துப்பாக்கி வாங்கும்போது முதலில் பார்ப்பது அழகு, அடுத்து விலை. அது சுட வேண்டுமா என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது. அதுதான் முதலில் வர வேண்டும்.

இடுப்பில் செருகிக்கொள்ள மட்டும் என்றால் துத்தநாகக் கலவையில் வார்த்த பிரதி போதும். விலை மிகக் குறைவு; பார்வையாளர் நிற்கும் தூரத்தில் வித்தியாசமும் தெரியாது. ஆனால் அதில் ஒரு சிட்டிகை வெடிமருந்துகூடப் போடக்கூடாது, கையிலேயே சிதறிவிடும். தீத்துளை (குழலுக்குள் நெருப்பு நுழையும் ஓட்டை) இடாத எஃகுக் குழலோடும் சில வருகின்றன. "ஓர் ஓட்டை போட்டால் சுடலாம்" என்று யாராவது காதில் ஓதுவார்கள். அழுத்தச் சோதனை முத்திரை இல்லாத குழலில் நான் சுடமாட்டேன்.

சுடத்தான் வேண்டுமா? பதினெட்டாம் நூற்றாண்டு வேடத்துக்குச் சக்கிமுக்கிக் கல் பிஸ்டல்தான் பொருத்தம். கல் எஃகுத் தகட்டில் மோதி, பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, சுடர் துளை வழியே குழலுக்குள் பாய்கிற காட்சிக்கு ஈடில்லை. விலை குறைந்தவற்றில் அந்தத் தகடு சரியாகக் கடினமாக்கப்பட்டிருக்காது. பத்து முறை இழுத்தால் நாலு முறை பொறி வரும். கிண்ணத்து நெருப்பு பக்கவாட்டில் சீறுவதால் வலப்புறம் நிற்பவர் முகம் கருகாமலிருக்கத் தடுப்புத் தகடு அவசியம். ஆக, மலிவு என்று வாங்கியது மலிவாக இருப்பதில்லை.

கேப் (சுத்தியல் அடித்தால் வெடிக்கும் சிறு செப்புத் தொப்பி) வைத்துச் சுடும் ஒற்றைக்குழல் பிஸ்டலின் பொறியமைப்பு எளிது. நடுத்தர விலைக்கே நம்பகமானது கிடைக்கும். செப்புத் துணுக்கு தெறிக்கும், கண்ணுக்குக் காப்பு வேண்டும். காலத்திலும் கவனம் தேவை: அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளால் பற்றவைக்கும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றது 1807இல், செப்புக் கேப் பரவலானது 1820களுக்குப் பிறகு. 1815 வாட்டர்லூ போரின் வீரன் இதை ஏந்தினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ரிவால்வர்? சுழலும் உருளையில் மருந்து நிரப்பும் ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவும் ஆபத்து உண்டு, விலையும் அதிகம். இரண்டு நிமிடக் காட்சிக்குத் தேவையில்லை.

என் தேர்வு, வேடத்தின் காலம் இடம் கொடுத்தால், கேப் பிஸ்டல். உரிமம் பற்றிய சட்டத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். குண்டும், மருந்தின்மேல் திணிக்கும் அடைப்பும் வேண்டாம். அப்போதும் ஆளை நோக்கி நீட்டக்கூடாது, எரியாத மருந்துத் துகளே தோலைச் சுடும். இக்காலத் தோட்டாக்களில் வரும் புகையற்ற மருந்தை அருகிலேயே விடாதீர்கள். இவற்றுக்குரிய பழைய கருமருந்தின் எச்சம் ஈரத்தை உறிஞ்சித் துருவேற்றும் என்பதால் அன்றிரவே வெந்நீரில் கழுவுங்கள். களைப்பில் ஒருமுறை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டேன். காலையில் குழல்வாய் செம்மண் நிறத்தில் இருந்தது.