தனிக் கிடாவா, மாட்டுப் பங்கா, வெளியூருக்குப் பணமா? கடற்கரை ஊர்களுக்கான குர்பானி அலசல்

ஹஜ்ஜுப் பெருநாள் வரும் துல்ஹஜ் மாதப் பிறை பார்த்ததும் தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுக வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். இந்த வருசம் குர்பானிக்கு, அதாவது பெருநாள் பலிக்கு, தனிக் கிடாவா, மாட்டில் பங்கா, இல்லை பணத்தை வெளியூருக்குக் கட்டிவிடலாமா? விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் மூன்றிலும் இடற வாய்ப்புண்டு. மூன்றிலும் பிழை வரும் இடங்கள் வேறு வேறு.

முதலில் எந்த மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கரையோர மரைக்காயர் ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ, உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள் ஹனஃபி. ஷாஃபிஈயில் உள்ஹிய்யா (குர்பானியின் மற்றொரு பெயர்) வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி). வீட்டில் ஒருவர் கொடுத்தாலே அந்த வீட்டார் எல்லோருக்கும் சுன்னத் நிறைவேறும். ஹனஃபியில் தேவை போக 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்குச் சொத்துள்ள ஒவ்வொருவர் மீதும் வாஜிப் (கட்டாயம்). கணவர் கொடுத்துவிட்டார் என்று, நகை வைத்திருக்கும் மனைவி அங்கே சும்மா இருக்க முடியாது. இரண்டு மத்ஹபும் சம்பந்தம் கலந்த வீடுகளில் இந்த ஒரு விஷயமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

தனி ஆடு என்றால் அடுத்த கேள்வி செம்மறியா, வெள்ளாடா என்பது. பலர் வெள்ளாட்டுக் கறியின் ருசிக்காக அதைத் தேடுகிறார்கள். ஆனால் வயதுச் சட்டம் செம்மறிக்குத்தான் இலகு. ஷாஃபிஈயில் செம்மறிக்கு ஒரு வயது நிறைந்திருந்தால் போதும், அல்லது ஆறு மாதத்துக்குப் பிறகு முன்பல் விழுந்திருந்தாலும் போதும். வெள்ளாட்டுக்கு முழுதாக 2 வயது ஆகியிருக்க வேண்டும் (ஹனஃபியில் ஒரு வயது). சந்தையில் “பல் போட்டிருச்சு பாய்” என்று வியாபாரி வாயைத் திறந்து காட்டுவது முதல் ஜோடி நிலைப்பல். அது ஏறக்குறைய 12 முதல் 15 மாதத்துக்குள் வந்துவிடும். செம்மறிக்கு அந்த அடையாளம் போதும். வெள்ளாட்டில் இரண்டாவது ஜோடியும் முளைத்து நாலு பல் நின்றால்தான் 2 வயதை ஒட்டி வரும். அதோடு நிற்காமல், வளர்த்தவரிடம் குட்டி போட்ட மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொடி ஆடு உயரமாக வளரும் வெள்ளாட்டு இனம். உயரத்தைப் பார்த்து வயதைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம்.

அடுத்தது காது. மந்தை அடையாளத்துக்காகக் காதைக் கிழித்திருந்தாலோ துளையிட்டிருந்தாலோ குற்றமில்லை. ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தால், சிறிதானாலும் ஷாஃபிஈயில் அந்த ஆடு கூடாது. சொறி பிடித்தது, நொண்டி, ஒரு கண் பார்வை போனது, எலும்பும் தோலுமாய் மெலிந்தது, சினையானது எதுவும் ஷாஃபிஈயில் கூடாது. கொம்பு ஒடிந்தது, காயடித்தது இரண்டும் கூடும். ராமநாதபுரம் வெள்ளை இனத்துச் செம்மறிக் கிடா முறுக்குக் கொம்போடு நிற்கும். கொம்புள்ளதைக் கொடுப்பது சிறப்பு என்பதால் இந்தப் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்பதே எங்கள் எண்ணம்.

மாட்டுப் பங்கில் கணக்குதான் உயிர். ஒரு மாட்டில் ஏழு பேர் வரை சேரலாம். எட்டுப் பேர் சேர்ந்தால் எட்டுப் பேருக்குமே கூடாது. ஏழில் ஒரு பங்கை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாகப் பணம் போட்டு எடுப்பது அடிக்கடி நடக்கிறது, அதுவும் கூடாது. ஒருவர் தன் பணத்தை மற்றவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, பங்கு ஒரே பெயரில் நிற்கட்டும். பங்காளிகளில் ஒருவர் வெறும் கறிக்காகச் சேர்ந்திருந்தால் ஹனஃபியில் ஏழு பேருடையதும் பாழாகிவிடும். ஷாஃபிஈயில் மற்றவர்களுடையது கூடும். இரண்டு மத்ஹபினரும் கலந்து எடுக்கும் பங்கில் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

மாட்டில் இன்னொரு நெருக்கடி உண்டு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் பயன்படாதது, அல்லது காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாகப் பயனற்றுப்போனது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். ஷரீஅத்தோ (மார்க்கச் சட்டமோ) நொண்டியையும் நோயாளியையும் ஒதுக்குகிறது. ஆகவே சட்டத்துக்கும் ஷரீஅத்துக்கும் ஒருசேரப் பொருந்துவது, வயது முதிர்ந்தாலும் சதைப் பிடிப்போடு, நாலு காலும் ஊன்றி நடக்கிற காளை மட்டுமே. மலிவாகக் கிடைக்கிறதே என்று கடைசி நாளில் வாங்கும் மாடு பெரும்பாலும் இந்தக் குறுகிய வட்டத்துக்கு வெளியே நிற்கும். மாட்டை நடக்கவிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கறி எவ்வளவு வரும் என்று பார்த்தால் பங்குதான் முந்தும். 25 கிலோ உயிர் எடைக் கிடாவில் சுமார் 11, 12 கிலோ தேறும். 300 கிலோ காளையில் எலும்போடு ஒரு பங்குக்கு 20 கிலோ வரை வரும். ஆனாலும் ஷாஃபிஈ நூல்கள் மாட்டின் ஏழில் ஒரு பங்கைவிட ஒரு முழு ஆட்டையே மேலாக வைக்கின்றன. “அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் தக்வாவே (இறையச்சமே) அவனை அடைகிறது” (குர்ஆன் 22:37) என்ற வசனத்தை மனதில் வைத்தால் கிலோக் கணக்கு பின்னுக்குப் போய்விடும்.

வெளியூருக்குப் பணம் கட்டுவது மூன்றாவது வழி. வகீலாக (நம் சார்பில் செய்பவராக) ஒருவரை நியமித்தால் அது நிறைவேறும். ஏழைகள் அதிகமுள்ள ஊருக்கு அதனால் பெரும் பயனும் உண்டு. ஆனால் தன் கையால் அறுப்பது அல்லது பக்கத்தில் நிற்பது, அதிலிருந்து உண்பது என்ற சுன்னத்துகள் கைநழுவும். பணத்தை மொத்தமாகத் திரட்டி, மாடு மாடாக ஏழு பெயர் எழுதாமல் அறுத்துவிட்டால் நிய்யத் (மனதில் கொள்ளும் எண்ணம்) யாருக்கென்று நிற்கும்? அதனால் எந்த மாட்டில் உங்கள் பெயர், எந்த நாளில் அறுப்பு என்று கேட்டு வாங்குங்கள். அறுத்து முடிந்த தகவல் வரும்வரை நகமும் முடியும் களையாமல் இருப்பது சுன்னத். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவோருக்குப் பிறை ஒரு நாள் முந்தலாம். அறுக்கும் ஊரில் பெருநாள் பிறந்த பிறகே அறுக்க வேண்டும். ஹனஃபிக்கு 12ஆம் பிறையோடு நேரம் முடிவதால் முதல் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவது பேணுதல். ஷாஃபிஈயில் 13ஆம் பிறை சூரியன் மறையும்வரை நேரம் உண்டு.

ஆடு வாங்க இருக்கும் பணத்தை அப்படியே ஏழைக்குக் கொடுத்தால் ஆகாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது நல்ல தர்மம்தான், ஆனால் உள்ஹிய்யா ஆகாது.

எனவே வசதியுள்ள ஒரு வீட்டுக்கு எங்கள் பரிந்துரை ஒரு செம்மறிக் கிடா. கை இறுக்கமாக இருந்தால் மாட்டுப் பங்கு. வீட்டில் ஒன்று கொடுத்தபின் கூடுதலாகக் கொடுக்க விரும்பினால் வெளியூர். விசைப்படகை நம்பிய குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2025இல் பெருநாள் ஜூன் 7 அன்று அதற்குள்ளேயே வந்தது. ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்வதால் அடுத்த சில ஆண்டுகளும் அப்படியே. பெருநாள் செலவும் அடுத்த மூன்று நாள் செலவும் போக மிச்சமுள்ளவருக்கே இந்தச் சுன்னத். வட்டிக்கு வாங்கிக் கிடா கட்ட வேண்டாம்.

எதை எடுத்தாலும் பேச்சில் கவனம் தேவை. “இதை குர்பானிக்கு ஆக்கிவிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னால் ஷாஃபிஈயில் நேர்ச்சை போலக் கடமையாகிவிடும். பிறகு அதில் ஒரு துண்டுகூட வீட்டார் உண்ண முடியாது. “சுன்னத்தான உள்ஹிய்யா” என்று சொல்லிப் பழகுங்கள்.

அறுக்கும்போது ஆட்டை இடப்புறமாகக் கிப்லா (தொழும் திசை) நோக்கிக் கிடத்தி, வலப் பின்னங்காலை மட்டும் கட்டாமல் விட்டு, பிஸ்மியும் (அல்லாஹ்வின் பெயர்) தக்பீரும் (‘அல்லாஹு அக்பர்’) சொல்லி மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் முழுதாக அறுக்க வேண்டும். துடிப்பு அடங்குமுன் கழுத்தை ஒடிப்பதும் தோலில் கத்தி வைப்பதும் வேண்டாம்.

கறியில் ஒரு பகுதியைப் பச்சையாக ஓர் ஏழைக்காவது கொடுப்பது ஷாஃபிஈயில் கட்டாயம். பிரியாணியாக்கிக் கூப்பிட்டுப் போட்டால் அது நிறைவேறாது. ஏழு பங்காளிகளும் அவரவர் பங்கிலிருந்து தனித்தனியே கொடுக்க வேண்டும், பங்கையும் தராசில் நிறுத்தே பிரிக்க வேண்டும். சூடு ஆறாத கறியை பாலித்தீன் பையில் திணித்தால் இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் மதியத்துக்குள் வாடை வந்துவிடும். பனையோலைப் பாயில் பரப்பி ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள். மிஞ்சியதை உப்புக்கண்டம் போடலாம். குடலையும் சாணத்தையும் கடலில் வீசாமல், மணலில் தண்ணீர் சீக்கிரம் ஊறும் இடத்தையும் கிணற்றடியையும் விட்டு, மேட்டு நிலத்தில் ஆழக் குழி எடுத்துப் புதையுங்கள். அறுப்பவரின் கூலியைப் பணமாகவே கொடுங்கள். தோலையோ தலையையோ கூலிக்கு ஈடாகக் கொடுக்கக் கூடாது. தோலை விற்றுக் காசாக்கவும் கூடாது, மதரசாவுக்கோ ஏழைக்கோ அப்படியே கொடுத்துவிடலாம்.