பலேர்மோவில் இரண்டே முக்கால் வருடம்: ஒரு மாணவியின் அனுபவம்

பலேர்மோவில் ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் போனால் டோக்கன் இருக்காது, வரிசையும் இருக்காது. ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வருகிறவர் "யார் கடைசி?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்து நீங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் கேட்கும்போது நீங்கள் கை தூக்க வேண்டும். அதுதான் வரிசை. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. காய்ச்சலோடு ஒன்றரை மணி நேரம் ஒரு மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்த நான்கு பேர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி என் தோளைத் தொட்டு, "நீ யாருக்கு அடுத்து?" என்று கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்ததும் எழுந்து நின்று அறை முழுவதும் கேட்கும்படி ஏதோ சொன்னார். அடுத்த ஆளாக என்னை உள்ளே அனுப்பினார்கள்.

2022 அக்டோபரில் உணவுத் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்க இங்கே வந்தேன். இரண்டு வருடப் படிப்பு. ஆய்வக வேலை இழுத்துக்கொண்டு போனதால் 2025 ஜூலையில்தான் பட்டம் வாங்கினேன். இத்தாலிக்கு வர நினைப்பவர்கள் மிலான், தூரின், போலோனியா, பதுவா பற்றித்தான் என்னிடம் விசாரிக்கிறார்கள். சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோ அவர்கள் பட்டியலில் இருப்பதில்லை. இங்கே வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இந்த ஊரில் எந்தக் காரியமும் வாயால்தான் நடக்கும். மின்னஞ்சலால் நடக்காது, இணையதளத்தால் நடக்காது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொல்வார். அதைக் கும்பகோணத்தில் கேட்டபோது புரியாதது இங்கே புரிந்தது.

காகித வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். வந்திறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு, அதாவது பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் அதற்கென ஒரு உறை தருவார்கள். 16 யூரோ வருவாய் முத்திரை, தபால் கட்டணம் 30 யூரோ, அட்டைக்கு 70.46 யூரோ என்று நான் கட்டினேன். அட்டை கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதுவரை தபால் ரசீதுதான் ஆதாரம். அதை வைத்து இத்தாலியில் தங்கலாம், ஊருக்கும் போய் வரலாம். ஆனால் விசா முடிந்த பிறகு வெறும் ரசீதோடு மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடியாது. முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கே பாரிசுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்விக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வீட்டார் எல்லாரின் வருமானம், வீடு நிலம், வங்கி இருப்பு எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரை வைத்து, இத்தாலிய மொழிபெயர்ப்போடு கொண்டுவந்தால் 'இசே பாரிஃபிகாதோ' என்ற கணக்கைப் போட்டுத் தருவார்கள். ஒரு தாள் குறைந்தாலும் முழுக் கட்டணம்தான். எனக்கு ஒரு தாள் குறைந்தது. ஒரு அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. நான்காவது வாரம் காலையில் நேரில் போய் நின்றேன். அங்கிருந்த அம்மா என் உடைந்த இத்தாலியனைப் பொறுமையாகக் கேட்டார். நாற்காலியை விட்டு எழுந்து என்னோடு இரண்டு மாடி ஏறி வந்து, இன்னொரு அறையில் தன் தோழியிடம் பேசினார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதில் வராத மூன்று வாரமும் நான் அழுதிருக்கிறேன் என்று சொன்னபோது, "முதல் நாளே வந்திருக்கலாமே" என்றார்.

இன்னொரு செலவு. அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர்கள் சேர நான் வந்தபோது வருடத்துக்கு 150 யூரோவுக்கும் குறைவு. 2024இலிருந்து அது 700 யூரோ. தனியார் காப்பீடு மலிவு, ஆனால் அதில் குடும்ப மருத்துவர் கிடைக்க மாட்டார். உடம்புக்கு அடிக்கடி முடியாமல் போகிறவர்கள் இந்தத் தொகையைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

வீடு. பல்லாரோ சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறை, மாதம் 230 யூரோ. கூரை உயரம், தரை அழகான பழைய ஓடு. டிசம்பரில் அந்த ஓடு எலும்பு வரை குளிரும். சிசிலி என்றால் வெயில் என்று நினைத்து வந்தேன். வெளியே 15 டிகிரி இருக்கும், வீட்டுக்குள் அதைவிடக் குளிராக இருக்கும், ஏனென்றால் எங்கள் வீட்டில் வெப்பமூட்டும் வசதியே கிடையாது. மின்சார ஹீட்டர் வைக்கலாம். ஆனால் இத்தாலிய வீடுகளுக்கு வழக்கமாக 3 கிலோவாட் இணைப்புதான். ஹீட்டரும் துணி துவைக்கும் இயந்திரமும் சேர்ந்து ஓடினால் மீட்டர் சுவிட்ச் விழுந்து மின்சாரம் போய்விடும். இருட்டில் மூன்று மாடி இறங்கிப் போய்த் தூக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நான்கு பேர். யார் எப்போது எதைப் போடுவது என்று குளிர்காலம் முழுக்கக் கத்திப் பேசித்தான் முடிவு செய்தோம். அப்படித்தான் நான் இத்தாலியன் கற்றேன்.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். பலேர்மோ மாடிகளிலும் பால்கனிகளிலும் தொட்டிகள் இருக்கும், நம் ஊர் சிண்டெக்ஸ் போல. குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் என்று இந்த ஊர்க்காரர்கள் நம்புவதில்லை. 2024இல் மழை பொய்த்து ஏரிகள் வற்றியபோது, அக்டோபரிலிருந்து பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தொட்டி பெரிதாக இருந்த வீடுகள் சமாளித்தன. எங்கள் தொட்டி சிறியது. பக்கெட்டில் பிடித்து வைத்துக் குளிப்பது எனக்குப் பழக்கம்தான், என்னோடு இருந்த ஜெர்மன் பெண்தான் பாவம், மிகவும் கஷ்டப்பட்டாள். வெயிலும் சாதாரணமல்ல. 2023 ஜூலை 24 அன்று நகரில் 47 டிகிரி. சுற்றியிருந்த மலைகள் எரிந்தன, மறுநாள் விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். இரவு முழுக்க சாம்பல் வாசனை. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தோம்.

இனி நான் ஆசையாக எழுத வேண்டிய பகுதி, சாப்பாடு. பல்லாரோவில் கடைக்காரர்கள் பாட்டு மாதிரி இழுத்துக் கூவி விற்பார்கள். அதற்கு 'அப்பன்னியாத்தா' என்றே பெயர். முதல் வாரம் பயமாக இருந்தது. பிறகு, குரலை வைத்தே இது கத்தரிக்காய்க்காரர், இது மீன்காரர் என்று தெரிந்தது. கோடையில் கை நீளத்துக்கு வெளிர்பச்சையாக ஒரு காய் தொங்கும், 'குக்குட்சா' என்பார்கள். வாங்கி அறுத்தால் நம் சுரைக்காய்! அதன் இளம் இலைகளைத் 'தெனெரூமி' என்று கட்டுக்கட்டாக விற்பார்கள், பாஸ்தாவோடு வேகவைத்து நீர்க்கச் சாப்பிடுவார்கள். கொடியின் இலையைத் தூக்கி எறியாத ஊர் இது. அதைப் பார்த்த அன்று, இங்கே நான் பட்டினி கிடக்க மாட்டேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இத்தாலியின் மற்ற பல ஊர்களைவிட பலேர்மோ எளிது. 'பனெல்லே' ஒன்று போதும். கடலை மாவைத் தண்ணீரில் கிளறி, பார்ஸ்லி போட்டு, ஆறவைத்து மெல்லிசாக வெட்டி எண்ணெயில் பொரித்து, எள்ளு தூவிய பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டும். மூன்று யூரோவுக்குள் மதியச் சாப்பாடு முடிந்துவிடும். பஜ்ஜியின் தங்கை என்று நான் பெயர் வைத்தேன். 'அரான்சினா' என்ற பொரித்த சாத உருண்டையை மட்டும் கேட்டு வாங்குங்கள், வெண்ணெய் என்று பெயரிட்டதிலும் பன்றி இறைச்சி இருக்கும். கீரை வைத்ததும் கிடைக்கும். டிசம்பர் 13, புனித லூச்சியா நாளில் ஊரே பாஸ்தாவும் ரொட்டியும் தொடாது. பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பல் வந்து சேர்ந்தபோது, மாவாக அரைக்கக்கூடப் பொறுக்காமல் அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம். அந்த நினைவில் அன்றைக்கு அரான்சினாவும், வேகவைத்த முழுக் கோதுமையில் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி கலந்த 'குச்சீயா'வும். அறைத்தோழியின் பாட்டி செய்து அனுப்பியதைச் சாப்பிட்டபோது எனக்குத் தைப்பொங்கல் நினைவு வந்தது.

மளிகைக்குக் கவலையே இல்லை. பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நாற்பது வருடமாக இருக்கிறார்கள். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்து, வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு என்று வேலை செய்து நிலைத்தவர்கள் பலர். சந்தைப் பக்கத்துக் கடைகளில் கறிவேப்பிலை, தேங்காய்ப் பால், சிவப்பரிசி எல்லாம் கிடைக்கும். மூன்றாவது மாதம் ஒரு கடையில் முருங்கைக்காயைப் பார்த்து நான் தமிழில் ஏதோ முணுமுணுத்தேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல்: "பிள்ளை, எங்கயிருந்து வந்தனீங்கள்?" அந்த யாழ்ப்பாணத்து அக்காவால்தான் எனக்கு இந்த ஊர் ஊரானது. வயதான ஓர் அம்மையாரை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். அவர் பேசும் இத்தாலியனில் பாதி சிசிலியப் பேச்சு. என் கட்டணப் பிரச்சினையைக் கேட்டதும், "இஞ்ச கடதாசியால ஒண்டும் நடக்காது. நேர போய்க் கதைக்கோணும்" என்று சொல்லி என்னை அந்த அலுவலகத்துக்குக் கிளப்பிவிட்டது அவர்தான்.

அக்காதான் என்னை மோந்தே பெல்லெக்ரீனோ மலைக்குக் கூட்டிப்போனார். நகரத்தின் காவல் புனிதரான சான்தா ரொசாலியாவின் குகைக் கோயில் அங்கே இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அவரது எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் நின்றது என்பது நம்பிக்கை. பாறையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கக் குகைக்கூரை முழுக்கத் தகரத் தாரைகள் கட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம், கத்தோலிக்கர்களும் இந்துக்களும். அக்கா நெற்றியில் திருநீறு. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "இவவும் எங்கட அம்மன் தான்" என்றார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஊரை விட்டு வந்து ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு சந்நிதி முன் நின்றேன்.

படிப்பைப் பற்றி. வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் தேர்வு பெரும்பாலும் வாய்மொழி. 30க்கு மதிப்பெண், 18 எடுத்தால் தேர்ச்சி. பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து, "பாலாடைக்கட்டி பழுக்கும்போது என்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்பார். ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா என்று எழுதிப் பழகிய எனக்கு முதல் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாடம் முழுக்கத் தெரியும், வாக்கியமாக வரவில்லை. 21 கொடுத்தார். இங்கே கொடுத்த மதிப்பெண்ணை வேண்டாம் என்று சொல்லி அடுத்த தடவை திரும்ப எழுதலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. அப்புறம் ஒரு மாதம் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, அறைத்தோழிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போலப் பேசிப் பழகினேன். மறுபடி போனபோது 28. நம் பிள்ளைகளுக்கு இங்கே அறிவுக் குறை எதுவும் இல்லை. பேசிப் பழகாத குறைதான், அதைச் சரிசெய்துவிட முடியும்.

வீட்டில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி மாஃபியா. இரண்டே முக்கால் வருடத்தில் என்னை யாரும் மிரட்டியதில்லை. இரவு பதினோரு மணிக்கு வியா மக்வேதா தெருவில் குழந்தைகளோடு குடும்பங்கள் நடக்கும், நானும் நடந்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்துகளை மட்டும் நேரம் கழித்துத் தவிர்த்தேன். ஆனால் அந்தக் கேள்வியை இந்த ஊர் மறக்கவில்லை. மே 23 அன்று வியா நொதார்பார்தோலோவில் மாஃபியாவை எதிர்த்து நின்ற நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே வாழ்ந்த வீட்டு வாசலில் உள்ள மரத்தடியில் கூடுகிறார்கள். 1992இல் அவரும் மனைவியும் மூன்று காவலர்களும் மாஃபியா வைத்த குண்டில் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்த நேரமான மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு ஊதுகொம்பு ஒலிக்கும். அந்த ஐந்து பெயர்களையும் சத்தமாகப் படிப்பார்கள். வாயை மூடிக்கொண்டால்தான் உயிர் பிழைக்கலாம் என்றிருந்த ஊரில், பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயர்களைச் சொல்லக் கேட்டேன். வருகிறவர்கள் ஒரு வருடமாவது அங்கே போய் நில்லுங்கள்.

2024 ஜூலை 14, சான்தா ரொசாலியாவுக்கு எடுக்கும் ஃபெஸ்தீனோ திருவிழாவின் 400ஆம் ஆண்டு. தேர் க்வாட்ரோ கான்தி சந்திப்புக்கு வந்ததும் மேயர் மேலே ஏறிப் பூ வைத்து, "பலேர்மோ வாழ்க, சான்தா ரொசாலியா வாழ்க" என்று கத்துவார். ஊரே திருப்பிக் கத்தும். அக்காவும் நானும் தொண்டை கட்டும்வரை கத்தினோம். திருவாரூர்த் தேரைப் பார்த்து வளர்ந்த அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். "வடம் எங்கே?" என்று கேட்டார்.

வருகிறவர்களுக்கு. மிளகாய்த்தூளும் சாம்பார்பொடியும் பெட்டியை நிரப்ப வேண்டாம், இங்கே கிடைக்கும். குக்கர் கொண்டுவாருங்கள், நல்ல கம்பளிப் போர்வை ஒன்றும். சான்றிதழ்களின் அப்போஸ்திலை ஊரிலேயே முடித்துவிடுங்கள். இத்தாலியன் மொழியை அடிப்படை அளவுக்காவது கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள், படிப்பு ஆங்கிலத்தில் என்றாலும்கூட. அறையைப் படத்தில் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் எங்காவது தங்கிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். மாடியில் தொட்டி எத்தனை லிட்டர், மீட்டர் எந்த மாடியில் இருக்கிறது, இரண்டையும் மறக்காமல் கேளுங்கள்.